ஒரு நூல் பின்னால்

பாம்புக்காதர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தியபடி, மெக்கானிக் ஷெட்டுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டேதான் சாப்பிடுவார். ஷெட்டில் ஒரு நாற்காலி உண்டு. அது வண்டி கொண்டுவருகிறவர்களுக்கு. "உக்காந்தா எறும்பு கடிக்குதா உங்களுக்கு?" என்று கல்யாணமான புதிதிலிருந்து அவர் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். எறும்பு கடித்தால் தட்டிவிட்டுப் போய்விடலாம். அவரைக் கடித்தது சத்தம்.

நமக்கெல்லாம் சத்தம் என்பது காதில் விழுந்து அதன் பாட்டுக்குப் போகிற ஒன்று. அவருக்கு ஒவ்வொரு சத்தமும் வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். பக்கத்து வீட்டு மின்விசிறியில் பேரிங் தேய்ந்தால் இவருக்குத் தூக்கம் போய்விடும். சமையலறைக் குழாய் சொட்டினால் எழுந்துபோய்த் திருகிவிட்டு வருவார். திருகியும் சொட்டினால் குழாயையே கழற்றுவார். தெருமுனையில் எவனோ வண்டியைக் கிளப்பினால், பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, "ஒரு பிளக் அடிக்கலை" என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். பாம்புச் செவி என்கிறார்களே, அது. நேரில் எல்லோரும் 'அண்ணே' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'பாம்புக்காதர்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னதும் அவருக்குக் கேட்டது, கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்தார்.

அந்தக் காதால் அவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. மீசை முளைக்கிற வயதில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தார். மிஷினில் ஒரு பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னார். உன் வேலையைப் பார் என்றார் முதலாளி. சக்கரம் உடைந்த அன்று, "நான் அப்பவே சொன்னேனே" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டார். போயிற்று வேலை. அடுத்தது பஸ் டெப்போ. அங்கே ஒரு பஸ்ஸின் கியர்பெட்டியைக் கழற்றச் சொல்லி மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றார். கழற்றிப் பார்த்தார்கள், இவர் சொன்னது சரியாக இருந்தது. சரியாக இருந்ததே தப்பாகப் போய்விட்டது. சொன்னது பலித்ததற்காக இரண்டு வேலையை இழந்த மனிதர் இந்த உலகத்தில் வேறு யாராவது உண்டா தெரியவில்லை.

பெண்டாட்டி அமைந்ததும் காதால்தான். டெப்போவுக்கு எதிரே வண்டிகளுக்கு சீட் உறை தைக்கிற கடை இருந்தது. அங்கே ஒரு தையல் மிஷின் ஊசி இறங்கும்போதெல்லாம் 'டிக்' என்று ஓர் ஓசை போட்டது. இவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் ரோட்டைத் தாண்டிப் போய், தைத்துக்கொண்டிருந்த பெண்ணை எழுந்திருக்கச் சொல்லி, மிஷினைக் கவிழ்த்துப் போட்டுச் சரி செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். "யாருடா இந்தக் கிறுக்கன்" என்று அவள் விசாரித்தாள். விசாரிப்பு கல்யாணத்தில் முடிந்தது. இப்போது அவர் ஷெட்டை ஒட்டிய அறையில் அவள் சீட் உறை தைக்கிறாள். இங்கே இஞ்சின், அங்கே இருக்கை; ஒரு வண்டி உள்ளே வந்தால் இரண்டு வேலையும் முடித்துக்கொண்டு வெளியே போகும்.

அவருடைய பெயர் டைமிங் வைப்பதில்தான் நின்றது. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி வரும். அது உச்சியை நெருங்குகிற சரியான நேரத்தில் பிளக்கிலிருந்து தீப்பொறி விழ வேண்டும். பிந்தி விழுந்தால் வண்டி சோம்பும். ரொம்ப முந்தி விழுந்தால், ஏறி வருகிற பிஸ்டனை எதிரே வெடிக்கிற வெடி மண்டையிலேயே அடிக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது உள்ளே கிலுகிலுவென்று கேட்பது அந்த அடிதான். ஷெட்டில் அதை நாக்கிங் என்பார்கள். நாள்பட விட்டால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். தீப்பொறியை முன்னே பின்னே தள்ளுவதற்கு, இஞ்சினோடு ஒட்டி டிஸ்ட்ரிபியூட்டர் என்ற உருண்டைப் பாகம் ஒன்று இருக்கிறது. நட்டைத் தளர்த்தி அதைத் திருப்ப வேண்டும்.

மற்ற ஷெட்டுகளில், இஞ்சின் கப்பியில் போட்டிருக்கிற கோட்டின்மேல் ஒரு விளக்கை அடித்து இதைப் பார்ப்பார்கள். பாம்புக்காதர் அதைத் தொடமாட்டார். "இந்தக் கிழட்டு வண்டிங்க கப்பியில இருக்கிற கோடே துருப்பிடிச்சு அழிஞ்சு கிடக்கு. விளக்கை வச்சு எதைப் பார்ப்பான்?" என்பார். அவர் வழி வேறு. பாலத்து ஏற்றத்தில் வண்டியை மிதித்து ஏற்றுவார், இறங்கித் திருப்புவார், மறுபடி ஏற்றுவார். சத்தம் லேசாகத் தலைகாட்டுகிற வரைக்கும் திருப்பு. தலைகாட்டியதும் ஒரு நூல் அளவு பின்னால் வா. அவ்வளவுதான் அவருடைய சாத்திரம். அந்த இடத்தில் வண்டிக்கு இழுவையும் முழுசாக இருக்கும், இஞ்சினுக்கும் சேதமில்லை. பாலத்தடியில் இருந்த பிக்கப் ஸ்டாண்டு டிரைவர்கள் ஒருவர் விடாமல் அவரிடம்தான் வந்தார்கள். அதுவும் கடைசியாக ஒரு வருடமாக, "அண்ணே, இப்போல்லாம் நீங்க டைமிங் வச்சா வண்டி பறக்குதுண்ணே" என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் பீரோக்காரம்மா வந்தாள். வேறு ஊரிலிருந்து புதிதாகக் குடிவந்தவள். பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் தொழில் செய்தாள். வண்டியில் எப்போதும் ஒரு பீரோ நின்றுகொண்டிருந்ததால் அந்தப் பெயர். முதல் தடவை வந்து வண்டியைப் பொதுவாகச் சரிபார்த்து, சீட்டுக்குப் புது உறையும் போட்டுக்கொண்டு போனாள். சில நாளில் திரும்பி வந்தாள்.

"ஏத்தத்துல மிதிச்சா உள்ள யாரோ சில்லறையைக் குலுக்குற மாதிரி சத்தம் வருதுங்க."

பாம்புக்காதர் வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் ஏறினார், இறங்கினார். "ஒண்ணுமில்லைம்மா. பீரோக் கதவு ஆடுற சத்தம்."

"இன்னிக்கு வண்டியில பீரோவே இல்லைங்க."

"அப்போ பின்பலகைக் கொண்டியா இருக்கும்" என்று கொண்டியை இறுக்கி அனுப்பினார்.

அவள் மறுபடி வந்தாள். "கொண்டி டைட்டா இருக்கு. சத்தமும் டைட்டா இருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. தன் காதைத் தொட்டுக் காட்டி, "இந்தக் காது சொல்லுது, சத்தம் இல்லை" என்றார். அவள் அசரவில்லை. தன் காதைத் தொட்டாள். "இந்தக் காது சொல்லுது, இருக்கு. என் வண்டியில, என் காதுல விழுறது எனக்குத் தெரியாதா?"

இவ்வளவு வருடத்தில் அவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. பாவம், அவளுக்கு அவர் யாரென்று தெரியாது. அவர் பெயரை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் வாயை அடைப்பதற்காகவே பிளக்குகளைக் கழற்றினார். எல்லாம் சுத்தமாக இருக்கிறது பார் என்று முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்ற வீம்பு. முதல் பிளக்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், நடுநடுவே வெள்ளிபோல மினுக்கம். பிஸ்டன் அடிவாங்கி உதிர்த்த துகள்கள் அவை. உள்ளே நாக்கிங் இருக்கிறது. லேசாக அல்ல, பலமாகவே இருக்கிறது. அப்படியானால் அவர் ஏன் கேட்கவில்லை?

அவர் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்க்குறேன்" என்றார்.

பார்த்தார். அப்படி ஒரு பார்வை! டாங்கில் இருந்த பெட்ரோலை வடித்துவிட்டு நல்ல பெட்ரோல் ஊற்றினார். இஞ்சின் சூடேறுகிறதோ என்று ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். காற்றுக் குழாய் ஒன்றில் கீறல் இருந்தது. எரிபொருள் குறைந்து காற்று மிகுந்தாலும் நாக்கிங் வரும், எனவே அதை மாற்றினார். மேல்மூடியைத் திறந்து, படிந்திருந்த கார்பனைச் சுரண்டினார். பிளக்குகள் எல்லாம் புதிது. ஒவ்வொரு வேலையையும் முடித்து, கடைசியில் எப்போதும் செய்வதைச் செய்தார்: பாலத்தில் ஏற்றி, காதால் டைமிங் வைத்தார். ஒவ்வொரு தடவையும் பீரோக்காரம்மா வண்டியை ஓட்டிப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, அதே முகத்தோடு திரும்பி வந்தாள்.

அந்த நாட்களில் ஷெட் தரை தேய்ந்தது. வேறு வண்டியைத் திறந்து வைத்துவிட்டு இந்த வண்டிக்கு ஓடுவார். இதை விட்டுவிட்டு அதற்கு ஓடுவார். சாப்பாட்டைத் தட்டோடு பானெட் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுவார். கழுவிய கையையே திரும்பக் கழுவுவார். பையிலிருந்த பிளக்கை எடுத்துப் பார்ப்பார், வைப்பார், எடுப்பார். பையில் அது கனத்தது. தனக்குப் பதில் தெரியும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அந்தக் காது இல்லையென்றால் அவர் யார்? ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த இன்னொரு ஆள். அந்த நினைப்பு வந்தால் போதும், உடனே வேறு பக்கம் நடந்துவிடுவார்.

ஒரு பகல் வேளையில் மனைவியின் அறை வாசலில் போய் நின்றார். "இந்த வண்டிக்கு நீ தச்ச உறை எப்படி உக்காந்திருக்குன்னு, ஓடுற வண்டியில ஒரு தடவை பாரேன்."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் தைத்த உறையை ஓடுகிற வண்டியில் வந்து பார் என்று அவர் கூப்பிட்டதே இல்லை. ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஏறினாள்.

பாலத்து ஏற்றத்தில் அவர் மிதித்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தார். பாதி ஏற்றத்தில் அவள் முகம் சுளித்தது.

"என்ன?"

"என்னங்க இது, காது கூசுது! இதுதான் அந்தம்மா சொன்ன சத்தமா?"

"எப்போ கேட்டுது?"

"எப்போவா? இப்போ. இதோ இப்பவும். மிதிக்கும்போதெல்லாம் வருதே." சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அது நன்றாகவே கேட்டது. அவள் பேசுவதும் கேட்டது, பாலத்துக்குக் கீழே யாரோ யாரையோ திட்டுவதும் கேட்டது. அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கவில்லை. எந்தச் சத்தத்தை வைத்து இத்தனை வருடம் பிழைத்தாரோ, அது மட்டும்.

"ஒரு வருஷமா குழாய் சொட்டினா நீங்க எழுந்திரிக்கிறதில்லை" என்றாள் அவள், முன்கண்ணாடியைப் பார்த்தபடி. "பக்கத்து வீட்டுக்காரங்களோட சண்டையும் இல்லை. மனுஷன் ஒருவழியா அடங்கிட்டாரேன்னு நான் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்." அவருக்கு அழுகை வந்தது. இறங்கிப் போய் பானெட்டைத் திறந்துகொண்டு அதன் மறைவில் நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, டிஸ்ட்ரிபியூட்டர் நிற்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். நட்டைத் தளர்த்தி ஒரு நூல் பின்னால் திருப்பினார். மறுபடி ஏற்றம். "இப்போ?" "இருக்கு." திரும்பவும் ஒரு நூல். "இப்போ?" "இருக்கு. குறைஞ்சிருக்கு." இப்படியே ஏறுவதும் இறங்குவதுமாக, பாலத்தடி டிரைவர்கள் வேடிக்கை பார்க்கிற அளவுக்கு ஓட்டினார்கள். கடைசியில் அவள், "இல்லைங்க. சுத்தமா இல்லை" என்றாள். அந்த இடத்தில் இன்னொரு கோடு போட்டார்.

இரண்டு கோட்டுக்கும் நடுவே அவருடைய கட்டைவிரல் தாராளமாக உட்கார்ந்தது. அவர் காது காட்டிய இடம் ஒன்று, இஞ்சினுக்கு உரிய இடம் ஒன்று. காது மங்க மங்க, சத்தம் தலைகாட்டட்டும் என்று அவர் மேலும் மேலும் திருப்பியிருக்கிறார். பலமாக அடித்தால்தான் அவருக்கு லேசாகக் கேட்டிருக்கிறது. அந்த லேசான சத்தத்திலிருந்து ஒரு நூல் பின்னால் வந்து, அதுதான் சரி என்று நட்டை இறுக்கியிருக்கிறார். பீரோக்காரம்மா வண்டிக்கு வந்த வியாதிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த கையேதான் ஒவ்வொரு தடவையும் அதே வியாதியைத் திரும்ப வைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இந்த ஒரு வண்டியோடு போகவில்லை. ஸ்டாண்டு வண்டிகள் அத்தனைக்கும் இந்த ஒரு வருடத்தில் டைமிங் வைத்தது அவர்தான். வண்டி பறக்கிறது என்று அவர்கள் கொண்டாடியதன் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. முந்தி விழுந்த தீப்பொறி கொஞ்ச காலம் துள்ளலைக் கொடுத்துவிட்டு, கடைசியில் பிஸ்டனைத் தின்னும். போன மழைக்காலத்தில் ஒருவன் வண்டியில் பிஸ்டன் ஓட்டையானது. பெட்ரோலில் கலப்படம் என்று தீர்ப்புச் சொல்லி, பெட்ரோல் போட்டவனோடு நடுரோட்டில் நின்று சண்டை பிடித்தவர் யார்? இவர்தான்.

மனைவி விடாப்பிடியாக அவரைக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார் டாக்டரம்மா. கண்ணாடிக்கு வெளியே டாக்டரம்மாவின் கை விசையை அழுத்துவது தெரிந்தது. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து, கை அசையும்போதெல்லாம் இவர் பொத்தானை அழுத்தினார். மனுஷன் பரீட்சையில் காப்பியடித்தார்! டாக்டரம்மா சிரிக்காமல் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்புறம் வெகுநேரம் பொத்தான் சும்மா கிடந்தது. "பேச்செல்லாம் நல்லாக் கேக்குது. மேல்சுருதிதான் போயிருக்கு. இஞ்சின் பக்கத்துலயே இருந்திருக்கீங்க, இனி திரும்பி வராது" என்றார். திரும்பி வராது என்பதை மட்டும் பாம்புக்காதர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு யோசனை சொன்னாள். "யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேணாம். சும்மா பார்க்கணும்னு ஒவ்வொரு வண்டியாக் கூப்பிட்டு, பின்னால தள்ளி வச்சிடுங்க. பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன். உறை பார்க்க வந்தேன்னு சொல்லிக்கலாம். ஊர் வாயை யாரு மூடுறது?"

அது அவருக்குப் பிடித்தது. பிடித்ததற்காகத் தன்மேல் கோபமும் வந்தது. கோபத்தோடு முற்றத்தில் நடந்தார். நடந்து நடந்து ஒரு முடிவுக்கும் வரவில்லை. முதலில் பீரோக்காரம்மாவை எதிர்கொண்டாக வேண்டும். அவள் வண்டி எடுக்க வந்தபோது, அவளைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். காது மேல்சுருதியை இழந்தது, தானே தப்பாக வைத்தது, இப்போது சரியானது, எல்லாவற்றையும் சொன்னார். 'ஐயோ பாவம்' என்பாள் என்று உள்ளூர ஓர் எதிர்பார்ப்பு இருந்தது.

அவள் அப்படிச் சொல்லவில்லை. "கேக்கலைன்னு சொல்லியிருக்கலாமே? சத்தம் இல்லைன்னு ஏங்க சொன்னீங்க?"

அவர் அவளைச் சுற்றி மூன்றாவது தடவையும் நடந்தார்.

"எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சோன்னு நினைக்கிற நிலைமைக்கு வந்துட்டேன்" என்றாள் அவள். வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினாள், பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "ஸ்டாண்டு வண்டியெல்லாம் உங்ககிட்டத்தானே வருது? அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அதற்குமேல் அவரால் ஷெட்டில் நிற்க முடியவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு, மனைவியிடம்கூடச் சொல்லாமல், பாலத்தடிக்கு விறுவிறுவென்று நடந்தார்.

உச்சி வெயில் நேரம். லோடு இல்லாமல் டிரைவர்கள் வண்டிகளின் நிழலில் கிடந்தார்கள். எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே இருக்கிற, விசில் என்ற டிரைவர்தான் முதலில் எழுந்தான். "என்னண்ணே, வண்டியைத் தேடி மெக்கானிக் வர்றாரு? காலம் மாறிப்போச்சா?"

உண்மையைச் சொல்லத்தான் வந்தார். அத்தனை முகத்தையும் பார்த்ததும் மனைவியின் யோசனைதான் வாயில் வந்தது. "சும்மா. டைமிங்கை ஒரு தடவை பார்த்து வைக்கலாம்னு வந்தேன்."

"ஐயோ, அதைத் தொடாதீங்கண்ணே!" என்று விசில் பானெட்டின் குறுக்கே வந்து நின்றான். "இழுவை என்னமா இருக்கு! நீங்க வச்சதை நீங்களே கெடுத்துடாதீங்க." மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவனும் பானெட்டைத் திறக்கவில்லை. தான் கட்டிய பெயரே அவரை வாசலில் நிறுத்தி வழி மறித்தது.

அவர் அந்த வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். திரும்பி வந்தார். ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு, "எனக்குக் காது போச்சுடா" என்றார்.

ஒருவன் சிரித்தான். "பாம்புக்காதருக்குக் காது கேக்காதாம்டா!" என்றான். சிரிப்பு வண்டிக்கு வண்டி பரவியது.

"சிரிக்காதீங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லாம் அடங்கியது. "டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துட்டேன். பேசுறது கேக்கும், ஹாரன் கேக்கும், அந்தச் சத்தம் மட்டும் கேக்காது. ஒரு வருஷமா உங்க எல்லாருக்கும் தப்பா வச்சிருக்கேன். நீங்க இழுவை இழுவைன்னு குதிக்கிறது பிஸ்டனைத் தின்னுக்கிட்டு இருக்கு. போன மழைக்குப் போனதே ஒரு பிஸ்டன், அது பெட்ரோல் பண்ணினதில்லை. நான் பண்ணினது."

விசில் பானெட்டை விட்டு நகர்ந்தான். தலையைச் சொறிந்தான், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவன் கீழே பார்த்தான்.

"அண்ணே," என்றான் விசில், "ஏத்தத்துல மிதிச்சா உள்ள சல்லியைக் கொட்டுற மாதிரி வருமே, அதா?"

"அதேதான். உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கேக்குதேண்ணே."

"எப்போலேர்ந்து?"

"ஒரு வருஷமாவே கேக்குது. இதோ இவனுக்கும் கேக்குது. எல்லாருக்குமே கேக்குதுண்ணே."

பாம்புக்காதர் அவனையே பார்த்தார். "ஏன்டா சொல்லலை?"

விசிலுக்கு அந்தக் கேள்வியே வினோதமாக இருந்தது. "நீங்க ஓட்டிப் பார்த்து, சரின்னு சொல்லிக் குடுத்த வண்டிண்ணே. உங்க காதுக்கு வராத சத்தம் எங்க காதுக்கு வந்துடுமா? எங்க காதுதான் சரியில்லைன்னு நினைச்சோம்."

அவர் திட்டினார். என்ன திட்டினார் என்று அவருக்கே தெரியாது. அறிவிருக்கா, மூளையிருக்கா, செவிடன்களா, ஒருத்தன், ஒருத்தனாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் திட்டினார். அவர்கள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். இப்போதும்கூட, தப்பு செய்தவர் நின்று திட்டுகிறார், தப்பே செய்யாதவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

"வண்டியை எடு" என்றார் விசிலிடம். தானே கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறினார்.

வண்டி பாலத்தில் ஏறியது. விசில் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். மிதித்துவிட்டு, பழக்கதோஷத்தில், தீர்ப்புக்காக அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"என் மூஞ்சியை ஏன்டா பார்க்குறே? ரோட்டைப் பாரு. கேக்குதா, இல்லையா?"

விசில் ரோட்டைப் பார்த்தான்.

"கேக்குதுண்ணே" என்றான், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவனைப்போல.

"நிறுத்து" என்று சொல்லி, ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவர் இறங்கினார்.